ஒரு பருக்கைச் சித்தர்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கனவில் வரவில்லை. எந்த அனுபவமும் என்னை உலுக்கி எழுப்பி "எழுது" என்று சொல்லவில்லை. செஞ்சி காந்தி பஜாரில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில், ஒரு தாளின் பின்பக்கத்தில் இது பிறந்தது. அந்தத் தாளை நான் ஒரே ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஒரு நல்ல மனுஷன் மூன்று மாசம் வீணாகப் பயந்திருக்கவும் மாட்டார்.

முதலில் "நான்" என்று போட்டு இரண்டு பக்கம் எழுதினேன். அதில் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன். என் மனைவி கலைவாணி படித்துப் பார்த்துவிட்டு, "யாருங்க இந்த ஆளு? நம்ம சொந்தத்துல இப்டி யாரும் இல்லயே" என்றாள். ஆகவே "நான்" வேண்டாம். கதையில் என் பெயர் நெடுமாறன். பெயரில்தான் நெடு, ஆள் ஐந்தடி மூன்று அங்குலம். இனி "அவன்" என்றே எழுதுகிறேன். அவனை மனசாரத் திட்டலாம், எனக்கு வலிக்காது.

இன்னொரு எச்சரிக்கை. செஞ்சிக்காரன் எவன் பேனா பிடித்தாலும் மூன்றாவது வரியில் கோட்டை வந்து நின்றுவிடும். இந்தக் கதையில் கோட்டையை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். எட்டிப் பார்த்தால் விரட்டிவிடுங்கள்.

2

முதல் தொடக்கம்:

"ராஜகிரியின் உச்சியைப் போல நிமிர்ந்து நின்ற பஷீர் அகமதுவின் முழங்கால்கள் இன்று"

பார்த்தீர்களா? கோட்டை மலை வந்துவிட்டது. அடித்தாயிற்று.

இரண்டாம் தொடக்கம்:

"மாவுச்சத்து என்பது மனித குல வரலாற்றில்"

இது கட்டுரை. தவிர, மாவுச்சத்தைப் பற்றி நெடுமாறனுக்கு சொந்த அனுபவத்தில் தெரிந்தது வெங்காய போண்டா மட்டும்.

மூன்றாம் தொடக்கம்:

"வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு பஷீர் பாய் வந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்."

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

நாற்காலி நெடுமாறன் கடையுடையது. நீல பிளாஸ்டிக், ஒரு கை உடைந்தது. பஷீர் பாய் செஞ்சி வட்டாரத்தில் பேர்போன பிரியாணி மாஸ்டர். நெடுமாறனுக்குப் பள்ளிக்கூடத்துத் தோழர், இருவருக்கும் ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தைந்து வருஷம் விறகடுப்பின் முன்னால் குந்தியும் நின்றும் அவர் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. தரையில் உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். பள்ளிவாசலில் கால் முடியாதவர்களுக்கு மூன்று நாற்காலி போட்டிருக்கிறார்கள். மூன்றிலும் எழுபது தாண்டியவர்கள். "நான் போயி அவங்கள எழுப்பவா?" என்று சொல்லி, ஜும்மா தொழுகைக்கு நெடுமாறன் கடை நாற்காலியை எடுத்துப்போவார், இரண்டு மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்து போடுவார். அந்த ஒன்றேகால் மணி நேரம் கடைக்கு வருகிறவர்கள் நிற்க வேண்டியதுதான்.

ஒருநாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டு அதிலேயே உட்கார்ந்து சொன்னார்:

"சேர்ல உக்காந்து தொழுதாலும் கூடும்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிட்டாரு மாறா. அது சரிதான். எனக்குத்தான் மனசு ஒத்துக்கல. சஜ்தாவுக்கு எல்லாரும் நெத்திய தரைல வெக்கிறாங்க. நான் மட்டும் மேல உக்காந்துனு அவங்க முதுக பாத்துனு இருக்கேன். வெக்கமா இருக்குது."

"ஆபரேஷன் பண்ணிக்கோயேன் பாய்."

"அதெல்லாம் அப்பறம். ஒரே ஒரு வாட்டி தரைல நெத்திய வெச்சிட்டு, யாரும் தூக்காம நானே எழுந்துக்கணும். அது போதும்."

கதை அவ்வளவுதான். பஷீர் பாய் நெற்றி தரையில் படுமா, படாதா. இதற்கு நடுவில் நெடுமாறன் புகுந்ததுதான் வினை.

3

பாயை அரசு ஆஸ்பத்திரி எலும்பு டாக்டரம்மா பார்த்திருந்தார். எக்ஸ்ரேவில் தேய்மானம். எடை எண்பத்தொன்பது. "மொதல்ல எடைய குறைங்க. தொடைக்கு எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று, முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது எப்படி என்று பாயின் மனைவி தாஹிராவுக்குக் காட்டி அனுப்பினார். எளிமையான, சரியான யோசனை. கதைக்கு உதவாது.

நெடுமாறன் இணையத்தில் தேடினான். அரிசி, கோதுமை, சர்க்கரையை நிறுத்திவிட்டு முட்டை, கறி, காய் என்று சாப்பிட்டவர்களுக்கு மூட்டுவலி குறைந்ததாக வந்திருந்தது. ஆறு பக்கம் தமிழில் திரட்டி, தைலத்துப் புட்டி விளம்பரம்போல் தலைப்பு வைத்து, பிரிண்ட் எடுத்தான்.

[குறிப்பு: அவன் படித்தது உண்மையில் என்ன? கொஞ்சம் பேரை வைத்துச் செய்த சின்னச் சின்ன ஆய்வுகள். சிலருக்கு வலி குறைந்தது. மாவுச்சத்தை விட்டதால் உடம்பின் அழற்சி தணிந்திருக்கலாம். எடை குறைந்ததால் முட்டியின் சுமை இறங்கியிருக்கலாம். இரண்டும் இருக்கலாம். "இருக்கலாம்" என்ற சொல் ஆறு இடத்தில் இருந்தது. பாய்க்குக் கண் மங்கல் என்று நெடுமாறன் எழுத்தைப் பெரிசாக்கினான், இடம் போதவில்லை, ஆறையும் எடுத்துவிட்டான்.]

"சோத்த வுடணுமா?" என்றார் பஷீர் பாய். "யோவ், நான் சோறாக்குறவன்யா."

"ஆக்கு. சாப்டாத."

"நல்லா இருக்குது நியாயம். தையக்காரன அம்மணமா போவ சொல்ற."

திட்டிக்கொண்டேதான் ஆறு தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நெடுமாறன் கடையில் அச்சானது என்றால் அவருக்கு அரசாங்கமே கையெழுத்துப் போட்ட மாதிரி.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் ஏமாற்றியதாக நினைப்பீர்கள். நெடுமாறன் பதினோரு வருஷமாக ஒரு சரித்திர நாவல் எழுதினான். நானூற்றுப் பதினாறு பக்கம். முற்றுகை, ராணி, குதிரை, துரோகம், எல்லாம் உண்டு. [ஆமாம், கோட்டையும் உண்டு. அதை அங்கேயே விட்டுவிடுவோம்.] அச்சில் போட யாரும் முன்வரவில்லை. பேப்பர் வீணாகக் கூடாதென்று, அந்த நாவலின் பின்பக்கங்களில்தான் கடையில் அவசரத்துக்கு, தெரிந்தவர்களுக்கு, பிரிண்ட் போட்டுக் கொடுப்பான். அப்படி அந்த நாவல் செஞ்சி முழுக்கப் பரவிவிட்டது. ரேஷன் கார்டு நகல் வாங்கிப்போன ராஜாம்பாள் ஒருநாள் வந்து, "சார், அந்த ராணி கெணத்துல வுழுந்தாளா இல்லயா?" என்று கேட்டார். பதினோரு வருஷத்தில் அவன் நாவலைப் பற்றி வந்த ஒரே விமரிசனம் அதுதான். அன்று அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

4

இந்தப் பகுதியைக் கிழித்துவிட்டேன். நெடுமாறன் ஊரில் பெரிய ஆளாகிப்போனதைப் பற்றி மூன்று பக்கம் இருந்தது. சுருக்கம்: ஆகவில்லை.

5

பஷீர் பாய் சோற்றை விட்டார். முதல் வாரம் தலைவலி, எரிச்சல், வீட்டில் யார் என்ன கேட்டாலும் சண்டை. "வயிறு ரொம்புது, ஆனா சாப்ட்ட மாதிரியே இல்ல" என்பார். இரண்டாம் வாரம் தாஹிரா காலிஃபிளவரைத் துருவி சோறுபோல வேகவைத்துக் கொடுத்தார். மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. அதே பூவில் முறையாக மசாலா கட்டி, மூடிக்கு மாவொட்டி (அந்த மாவைத் தின்னமாட்டாராம்), மேலே தணல் போட்டு தம் வைத்தார். திறந்ததும் மகள் மாஹிரா எட்டிப் பார்த்தாள்.

"அத்தா, பிரியாணிக்கு மொட்ட அடிச்ச மாதிரி இருக்குது."

"வாய மூடிட்டு சாப்டு."

"நான் நல்ல சோறு சாப்டுக்கிறேன். எனக்கு முட்டி நல்லாதான் இருக்குது."

தோழனுக்குத் துணையாக நெடுமாறனும் சோற்றை விட்டான். கதைக்கு உண்மைத்தன்மை வேண்டும் என்று கலைவாணியிடம் காரணம் சொன்னான். ஒன்பது நாள் தாக்குப்பிடித்தான். ஒன்பதாம் நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இரண்டாவது வெங்காய போண்டாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது எதிரே பஷீர் பாய் நின்றார். திட்டுவார் என்று பார்த்தான். அவர் முகத்தில் கோபமே இல்லை, கலக்கம்தான் இருந்தது.

"உனக்கு பயமே இல்லயா மாறா?" என்றார் மெதுவாக.

நெடுமாறன் எண்ணெயைச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தான். வாயில் போண்டா வைத்துக்கொண்டு சிரித்த அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு (சரி, நான்தான்) கூசுகிறது.

ரம்ஜான் வந்தது. நோன்பு திறக்கும்போது ஊரே கஞ்சி குடிக்க, பாய் ஒரு பேரீச்சம்பழத்தோடு தண்ணீரும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டார். மாஹிரா தன் கையால் கிண்டிய கஞ்சியை ஆசையாகக் கொண்டுவந்து நீட்ட, ஒரு வாய் வாங்கியவர் சட்டென்று எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தாராம். பொண்ணு அழுதுவிட்டது. தாஹிரா கடைக்கு வந்தபோது இதைச் சொன்னார்.

"அண்ணே, நாலு நாள் ஒரு வாய் கஞ்சி குடிச்சா இன்னா ஆயிடப்போவுது? கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்குறாரு. நீங்க சொல்லுங்கண்ணே."

"கட்டுப்பாடும்மா. பாய்க்கு இரும்பு மனசு" என்றான் நெடுமாறன் பெருமையாக. மடையன்.

6

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். பஷீர் பாய் ரொம்ப நல்லவராக வந்துகொண்டிருக்கிறார். இப்படிப்பட்ட ஒருவரை நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் நம்பமாட்டேன். ஆகவே அவருடைய குறைகள்: அனுமதியில்லாமல் சட்டி மூடியைத் தொட்டால் கரண்டி பறந்து வரும். மற்ற மாஸ்டர்களின் பிரியாணியை "கலர் போட்ட புளிசோறு" என்பார். யாராவது வயது கேட்டால் ஐம்பத்துமூன்று என்பார், பக்கத்தில் அவரோடு படித்த நெடுமாறன் உட்கார்ந்திருந்தாலும். போதுமா? இப்போது மேலே போகலாம்.

ரம்ஜான் முடிந்து கொஞ்ச நாளில் எடை எண்பதுக்கு வந்தது. கடை வாசலின் மூன்று படியையும் ஷட்டரைப் பிடிக்காமல் இறங்கினார். வலி பாதியாகக் குறைந்துவிட்டது என்றார். நெடுமாறன் துள்ளாத குறை. டாக்டரம்மாவிடம் அவனும் கூடப் போனான்.

"அரிசிய வுட்டதாலதானே மேடம்?"

"எடை குறைஞ்சிருக்கு, அது முட்டிக்கு நல்லது. எக்சர்சைஸும் விடாம பண்ணியிருக்காரு. அரிசிய விட்டதுக்குன்னு தனியா எவ்ளோ பங்குன்னு என்னால பிரிச்சி சொல்ல முடியாதுங்க."

"ஆனா இருக்கலாம்?"

"இருக்கலாம்."

தான் தாளிலிருந்து எடுத்துவிட்ட சொல் இப்படி டாக்டர் வாய்வழியாகத் திரும்பி வந்ததை அவன் கவனிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் இந்தக் கதையின் முடிவை முதலில் எழுதினான். ஒரு வெள்ளிக்கிழமை, சூரிய ஒளி, தரையில் நெற்றி, தோழர்கள் கண்ணில் நீர். படுமோசமான பத்தி. அதைக் கண்ணில் காட்ட மாட்டேன்.

நாளைக் குறித்ததும் பாய்தான். "ஒம் பொண்ணு மோனிகா ரிசப்ஷன் முடியட்டும். அதுக்கு அடுத்த வெள்ளிக்கெழம சேர் வாணாம். தரைல போறேன்."

7

இப்போது முதல் கைப்பிடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பஷீர் பாயின் தாத்தா காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். தம் உடைத்து மூடியைத் திறந்ததும், விருந்து கொடுக்கிறவர் கண்முன்னால், மாஸ்டர் ஒரு கைப்பிடி அள்ளித் தன் வாயில் போட்டுக்கொள்வார். அவர் விழுங்கித் தலையசைத்த பிறகுதான் சட்டியில் கரண்டி இறங்கும். செஞ்சி, வல்லம் பக்கத்தில் எல்லா சாதி ஜனமும் அவரைக் கூப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக்கியவனே முதலில் தின்று காட்டுகிறான், அப்புறம் என்ன பயம்?

சோற்றை விட்ட பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? அள்ளிய கையை வாய்வரை கொண்டுபோய், தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைப்பதுபோலத் துடைத்து, அத்தனையும் துண்டுக்குள் தள்ளிவிட்டார். இரண்டு விருந்து தப்பியது. மூன்றாவது, வல்லத்தில் ஒரு காதுகுத்து. அங்கே பாவாடை இருந்தார். பாவாடை நெடுமாறனுக்குப் பெரியப்பா மகன், எந்த விசேஷத்திலும் அடுப்படியை விட்டு நகராத ஆள். துண்டிலிருந்து சோறு உதிர்ந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"மாஸ்டரே துப்புறாருப்பா. அதுல இன்னாத்த போட்டாரோ" என்று ஆரம்பித்தது. அடுத்த பத்து நாளில் இரண்டு கல்யாணம் வேறு மாஸ்டருக்குப் போனது. கலர் போட்ட புளிசோற்றுக்காரருக்குத்தான்.

நெடுமாறன் பாயிடம் கேட்டான். "ஒரு கைதானே பாய்? அதுல இன்னா கெட்டுடப்போவுது?"

அன்றும் அதே கலக்கமான பார்வை. "வெள்ளிக்கெழம வரைக்கும் என்ன வுட்ரு மாறா" என்றார்.

8

ரிசப்ஷன் திண்டிவனம் ரோட்டு மண்டபத்தில், மத்தியானம். பின்பக்கக் கொட்டகையில் மூன்று பெரிய சட்டி. நெடுமாறன் பட்டு வேட்டி கட்டி, வேட்டி அவனைக் கட்டியதுபோல நடந்து வந்தான். பாவாடை ஏற்கனவே வந்து முதல் சட்டிக்கு நேராக, போனில் வீடியோ எடுத்தபடி, நின்றிருந்தார். அவர் பின்னால் மாப்பிள்ளை வீட்டு ஜனம் பத்துப் பன்னிரண்டு பேர். விஷயம் அவர்கள் ஊர் திருவண்ணாமலை வரை போயிருந்தது.

மூடி திறந்தது. முதல் ஆவி அடங்கியதும் பாய் ஓரத்திலிருந்து ஒரு கைப்பிடி அள்ளினார். கை பாதி வழியில் நின்றது. பாவாடையின் போன் கொஞ்சம் கிட்டே வந்தது.

"சாப்டு பாய்" என்று நெடுமாறன் அவர் காதோரம் கெஞ்சினான். "சம்பந்தி வீட்டுக்காரங்க பாக்குறாங்க. எம் பொண்ணு மானம்."

பஷீர் பாய் சோறிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, இடது கையால் சட்டைப்பையிலிருந்து மடிப்பு நைந்துபோன ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"நீ குடுத்ததுதான. பின்னாடி படி."

நெடுமாறன் திருப்பினான். பக்க எண் 212.

"அரிசியைத் துறந்தவனே, கேள்! ஒரு பருக்கை உன் நாவில் படினும், விலகிய வேதனை ஏழு மடங்காய்த் திரும்பும். இது சித்தன் வாக்கு."

அவனுடைய நாவல். ஆறு தாளில் இந்த ஒன்றுதான் நாவலின் பின்பக்கம், மற்றவை வெற்றுத்தாள். முற்றுகை முடியும்வரை அரிசியைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்த அரண்மனைச் சமையல்காரனிடம் மலைக்குகைச் சித்தர் சொல்வது. முன்பக்கம் முட்டையும் முருங்கைக்கீரையும், பின்பக்கம் இது.

"முன்னாடி இங்கிலீஷ் வைத்தியம், பின்னாடி சித்த வைத்தியம்னு நெனச்சேன்" என்றார் பாய் தாழ்ந்த குரலில். "முன்னாடி சொன்ன மாதிரியே வலி கொறஞ்சிச்சி. அப்ப பின்னாடி சொன்னதும் நெஜமாதான இருக்கும்? இன்னும் அஞ்சே நாளு மாறா. தரைக்குப் போயிட்டா போதும். அப்பறம் ஏழு மடங்கு வந்தாலும் வரட்டும்."

அந்த மனுஷன் மூன்று மாசம் எதைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. இந்த இடத்தில் கதையை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) நெடுமாறன் உண்மையை உரக்கச் சொல்கிறான். பாய் அவனைத் தழுவிக்கொள்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. [கைதட்டியது யார்? பசியோடிருந்த நானூறு பேரா?]

(ஆ) நெடுமாறன் வாயைத் திறக்கவில்லை. பாயின் நம்பிக்கைதான் அவரைத் தரைவரை கொண்டுபோகும், அதைக் கெடுப்பானேன் என்று பெருந்தன்மையோடு [கோழை என்று எழுதடா] தாளை மடித்துத் திருப்பித் தருகிறான். பாயின் பேர் பாவாடை போனில் நாசமாகிறது.

(இ) நடந்தது. நெடுமாறன் ஓடிவிடலாமா என்று கொட்டகையின் பின்வழியைப் பார்த்தான், அங்கே கலைவாணி நின்றிருந்தாள். வேறு வழியில்லாமல்தான் சொன்னான்.

"அந்த சித்தர் நான்தான் பாய்."

"இன்னா?"

"நான் எழுதுனது. நாவலு. பேப்பர் மிச்சம் புடிக்கலாம்னு அது பின்னாடி அடிச்சிட்டேன். அப்டி ஒரு சித்தரும் இல்ல, வாக்கும் இல்ல."

ஆவி இருவர் முகத்திலும் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏழு மடங்குன்றது?"

"ஆறுன்னா கேக்க நல்லா இல்ல. அதான் ஏழு போட்டேன்."

"எம் பொண்ணு குடுத்த கஞ்சிய துப்புனேன்யா" என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார். கரண்டி பறந்து வந்திருந்தால் தேவலை என்று இருந்தது. "அப்ப வலி கொறஞ்சது? அதுவும் நீ எழுதுனதா?"

"அது நெஜம். எதனாலன்னுதான் எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கே தெரியாது. நான் தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்."

"வாய தொற" என்றார்.

"பாய்?"

"தொறடா."

திறந்தான். கையிலிருந்த சோற்றை அப்படியே அவன் வாயில் திணித்தார். அவர் கைக்கு உறைக்காத, அடுப்பிலிருந்து இறங்கிய சூடு. நாக்கு, மேல்வாய், எல்லாம் வெந்தது. துப்ப முடியுமா? போன் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட மென்று விழுங்கினான்.

"இனிமே இந்த வாயால எனக்கு எதுவும் சொல்லாத" என்றார் அவனுக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு சட்டியில் மறுபடி கைவிட்டு இரண்டாவது கைப்பிடியை அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டார். மூன்று மாசம் கழித்து, கண்ணை மூடி, மெதுவாக மென்றார். எவ்வளவு நேரம் மென்றார் என்று பாவாடையின் வீடியோவில் பார்த்தேன், நாற்பது விநாடி. விழுங்கித் தலையசைத்தார்.

"உப்பு சரியா இருக்குது. எடுங்க."

கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு புகை என்றார். அடுப்பை அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

[பின்விளைவு: பெண்ணைப் பெற்றவனுக்கு மாஸ்டர் முதல் வாய் ஊட்டுவதுதான் அந்தக் குடும்பத்துப் பழைய மரியாதை என்று பாவாடை ஊரில் பரப்பிவிட்டார். மூன்றாம் நாளே வல்லத்தில் ஒரு தகப்பனார் தனக்கும் ஊட்ட வேண்டும் என்று வாயைத் திறந்துகொண்டு நின்றாராம். என்னை வைத்துப் பிறந்த கதைகளில் ஊர் ஏற்றுக்கொண்டது இது ஒன்றுதான், இதையும் நான் எழுதவில்லை.]

9

நான்கு நாள் பஷீர் பாய் கடைப்பக்கம் வரவில்லை. வலி திரும்பிவிட்டதோ என்று நெடுமாறன் துடித்தான். திரும்பியிருந்தால் அது அரிசியாலா, அடுப்பில் நின்ற அலுப்பாலா, சித்தரைப் பற்றிய பழைய பயத்தாலா? தாஹிராவிடம் கேட்டான். "வூட்ல மறுபடி காலிஃபிளவர்தாண்ணே. ஆனா நேத்து மாஹிரா கஞ்சி வெச்சா, ஒரு கிண்ணம் குடிச்சாரு. எக்சர்சைஸ் பண்றாரு. பேசத்தான் மாட்டேங்குறாரு" என்றார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே நெடுமாறன் நாற்காலியைத் துடைத்தான். உள்ளே வைத்தால் எடுக்காதே என்று சொல்வது மாதிரி இருக்கும். வாசலில் வைத்தால் உன்னால் முடியாது என்று சொல்வது மாதிரி இருக்கும். பாதி உள்ளே, பாதி வெளியே, ஷட்டர் கோட்டின் மேல் வைத்தான். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் அதில் உட்காரப் போக, "அது ரிப்பேரு" என்று கத்திவிட்டான்.

பன்னிரண்டே முக்கால். பஷீர் பாய் வந்தார். வெள்ளைத் தொப்பி, தோளில் வேறு துண்டு. நெடுமாறனைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். ஒரு கையை அதன் உடையாத கைப்பிடிமேல் வைத்தார்.

அதற்குப்பின்

10

அதற்குப்பின் என்ன என்று எழுதியிருந்தேன். ஒன்றரைப் பக்கம். பாய் போன பின்னால் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பள்ளிவாசல் எதிர்வரிசையில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்ததையெல்லாம் எழுதியிருந்தேன். இனி நெடுமாறன் வேண்டாம், பார்த்தது நான்தான்.

மறுநாள் முழுக்கதையையும் பிரிண்ட் எடுத்து அவரிடமே கொடுத்தேன். புதுத் தாளில். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி ஏற்றி, ஒரு வரி விடாமல் படித்தார். ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டார். ஐம்பத்துமூன்று வயது விஷயத்தில் மட்டும் முறைத்தார். கடைசிப் பக்கம் வந்ததும் அதைத் தனியே எடுத்து நாலாக மடித்தார்.

"நான் ஏமாந்தத எழுது, ஜனங்க சிரிக்கட்டும். துண்டுல தள்ளுனத எழுது. மொட்ட அடிச்ச பிரியாணிய எழுது. வெள்ளிக்கெழம நான் எங்க நெத்திய வெச்சேன்றத மட்டும் எழுதாத."

"அதுதான பாய் கதையே?"

"முட்டி வலியோட ஒருத்தன் இத படிப்பான் மாறா. நான் தரைக்குப் போயிட்டேன்னு நீ எழுதுனா, நாளிக்கே அவன் சோத்த வுட்ருவான், பொண்ணு குடுக்குற கஞ்சிய துப்புவான். நான் போவலன்னு எழுதுனா, எக்சர்சைஸையும் வுட்டுட்டு குந்திடுவான். நீ ஒருவாட்டி எழுதி நான் பட்டது போதும். அவன் டாக்டர போயி பாக்கட்டும், அவன் முட்டிய அவனே பாத்துக்கட்டும்."

மடித்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், பழைய தாள் இருந்த அதே பையில். நாற்காலியிலிருந்து எழுந்தார். எப்படி எழுந்தார் என்று சொன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் அதையும் சொல்லவில்லை. நாற்காலி கடையில்தான் இருக்கிறது. அது எப்போதுமே இரண்டு மணிக்குத் திரும்பி வந்துவிடும், அதை வைத்தும் ஒன்றும் தெரியாது.

வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கு ஒரு முடிவு தெரியும், அதை எழுதாமல் இருக்கிறேன். வாய் நமநமவென்று இருக்கிறது. நாக்கில் சூடுபட்ட இடம் இன்னும் முழுசாக ஆறவில்லை, அதனால் சமாளிக்கிறேன்.

ஆகவே கடைசிப் பக்கத்தை உங்களுக்கு வெறுமையாகவே தருகிறேன். உங்கள் முட்டிக்குத் தகுந்தபடி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பயப்பட வேண்டாம், பின்பக்கமும் வெறும் தாள்தான். இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன்.